எடுத்த பிள்ளை

"இந்தப் பேரு இதுல இல்லையே, பெரியவரே."

படை எழுத்தர் பேரேட்டை மூடவில்லை. ஊன்றியிருந்த விரலை மட்டும் எடுத்துக்கொண்டார். நான்காவது முறையாக வந்து நிற்கும் கயிற்றுக்காரர் அந்த விரல் இருந்த இடத்தையே பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாதவனிடம் 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"நல்லாப் பாருங்க. செத்தவங்க பேரேடுதானே இது?"

"அதேதான்."

"போன மழைக்குப் பாலத்துல செத்தான், என் மூத்தவன். ஊரே அழுதுச்சே."

எழுத்தர் நிமிர்ந்தார். "எந்தப் பாலம்?"

"உங்க படை எத்தனை பாலத்துல ஓடி வந்துச்சு? அந்தக் கயித்துப் பாலந்தான்."

"அட, அவரா!" எழுத்தரின் குரல் அப்படியே கோயில் வாசலுக்குப் போய்விட்டது. "அவரு சாகலையே."

"பின்ன?"

"மேல போயிட்டாரு."

"மேல போறதுக்கு எங்க தெருவுல சாவுன்னுதாங்க பேரு."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். எழுத்தர் சிரிக்கவில்லை. "மெல்லப் பேசுங்க. அவர் பேரை இதுல எழுதினா நாளைக்கு எனக்குக் கை இருக்காது. தெய்வம் எப்படிய்யா சாகும்?"

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைப் போர் தின்றுவிட்டால் அடுத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அரசன் ஒரு சட்டம் போட்டிருந்தான். கயிற்றுக்காரருக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இளையவன் எல்லை முகாமில் இருக்கிறான். அறுவடை முடிந்ததும் படை மறுபடி கிளம்பப்போகிறது. அதற்குள் அவன் வீட்டுக்கு வந்தாக வேண்டும். கிழவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. ஆனால் மூத்தவன் செத்ததாகப் பேரேடு சொன்னால்தானே இளையவனை விடுவார்கள்? செத்தவனைத்தான் தெய்வமாக்கி விட்டார்களே!

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெரியவனும் சொல்லிவைக்கவில்லை.

பாலத்தில் என்ன நடந்தது என்று கயிற்றுக்காரருக்குத் தெரியும். ஓடி வந்தவர்களில் நாலைந்து பேரைத் தனித்தனியாகப் பிடித்து விசாரித்திருந்தார். ஒருவன் சொன்னதை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். படை தோற்று ஓடி வருகிறது. கடைசி ஆளும் பள்ளத்தாக்கைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்துவிட்டான். எதிரி பின்னாலேயே வருகிறான். பாலத்தை இந்தக் கரையில் அறுப்பது என்றால் தொடை கனத்துக்கு நாலு வடம், ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். அதற்குள் எதிரி இந்தப் பக்கம் வந்து சமைத்துச் சாப்பிட்டுவிடுவான். எதிர்க்கரையில் நாலு வடமும் ஒரே முடிச்சில் சேர்கின்றன. அந்த முடிச்சுக்கு ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டினால் மொத்தப் பாலமும் கழன்றுவிடும். கயிற்றுக்காரன் மகனுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது. தளபதிக்குத் தெரியவில்லை. மூத்தவன் யாரிடமும் கேட்காமல் திரும்பப் பாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போனான். ஆப்பைத் தட்டினான். பாலம் விழுந்தது. அவன் அந்தக் கரையில் நின்றுவிட்டான்.

இவ்வளவுதான் நடந்தது. இது போதாதா? கிழவருக்குப் போதும். இதை நினைத்தால் அவருக்கு மார்பு விம்மும், மறு நிமிஷம் வயிறு எரியும்.

அரண்மனைக்குத்தான் இது போதவில்லை. ஓடி வந்த படைக்கு ஒரு சாமி தேவைப்பட்டது. தோற்றுவிட்டோம் என்று சொல்வதைவிட, தெய்வமே இறங்கி வந்து நம்மைத் திருப்பி அனுப்பியது என்று சொல்வது காதுக்கு நன்றாக இருக்கிறது. மாதம் திரும்புவதற்குள் கதை வளர்ந்துவிட்டது. அவன் கையை உயர்த்தினானாம், மின்னல் வந்து பாலத்தை வெட்டியதாம். அவனுக்குத் தாயும் இல்லையாம், தகப்பனும் இல்லையாம். ஆற்றில் மிதந்து வந்தவனாம். நகர வாசலில் ஆள் உயரத்துக்குக் கல் நட்டார்கள். பாலத்துச் சாமி என்று பெயர் வைத்தார்கள். முகம் செதுக்கினார்கள். மூக்கு மட்டும் அரசனின் மூக்கு.

கயிற்றுக்காரர் அந்தப் பக்கமே போவதில்லை. அவர் மனைவி தினமும் போனாள். வெயில் ஏறுவதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு போய், கல்லின் முகத்தைத் துடைத்துவிடுவாள். காதுக்குப் பின்னாலும் துடைப்பாள். கும்பிட வருகிற கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் இப்படி நெருக்கிக்கிட்டு நிக்காதீங்கப்பா, அவனுக்குச் சின்னதுலயே இளைப்பு. கொஞ்சம் காத்து விடுங்க," என்பாள்.

தளபதி வாளைக் கழற்றி வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் இதைச் சொன்னாள். கூட்டம் சிரித்துவிட்டது.

மறுநாளே பெரிய பூசாரியும் ஒரு படை அதிகாரியும் கயிற்றுக்காரரின் களத்துக்கு வந்துவிட்டார்கள். களம் என்றால் நூறு அடி நீளத்துக்கு ஒரு வெற்றுத்தரை. இந்த முனையில் கயிறு முறுக்கும் சக்கரம், அந்த முனையில் முளை. கிழவர் இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு, விரலால் நாரை விட்டபடி முதுகுப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கப் பின்னோக்கி நடந்தே பிழைத்த மனிதர் அவர். அதனால் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலடிச் சத்தத்தைத்தான் கேட்பார். இந்தக் காலடிகள் அவருக்குப் பிடிக்கவில்லை.

"உங்க வீட்டம்மா ரொம்பப் பாசமா இருக்காங்க," என்று ஆரம்பித்தார் பூசாரி.

"பெத்தவ வேற எப்படி இருப்பா?"

"அந்த வார்த்தைதான் கயித்துக்காரரே சிக்கல். தெய்வம் ஆத்துல வந்ததுன்னு ஊர் நம்புது."

"ஊர் ஆயிரம் நம்பும். ஆத்துல வந்தவனுக்கு எதுக்கு என்னை மாதிரியே தட்டைக் கால்?"

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "வர்ற பௌர்ணமி அன்னிக்கு உச்சிப் பொழுதுல கல்லுக்குக் கண் திறக்கறாங்க. அரசர் வர்றாரு. நீங்க சபையில வந்து, அந்தப் பிள்ளை உங்களுக்குக் கிடைச்ச பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஆத்தங்கரையில எடுத்தோம், வளர்த்தோம். அவ்வளவுதான்."

"சொன்னா?"

"சின்னவன் வீட்டுக்கு வருவான்."

"சொல்லலேன்னா?"

அதிகாரி கீழே கிடந்த ஒரு கயிற்றுப் புரியை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "நல்ல உறுதி," என்றார். "இந்தத் தடவை முன்வரிசைக்கு ஆள் பத்தலைன்னு பேசிக்கிறாங்க."

கிழவர் இடுப்பிலிருந்து நாரை அவிழ்த்துக் கீழே வைத்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாருன்னு சொல்லுவாங்க. இங்க சாமியே என் பிள்ளை. அப்பவும் பூசாரி முன்னாலதான் வந்து நிக்கவேண்டியிருக்கு."

பூசாரி கோபப்படவில்லை. புன்னகைத்தார்.

"உங்க வாக்கை நான் நம்பல," என்றார் கிழவர். "பையன் முதல்ல வரணும். நான் வாயைத் திறக்கறப்ப அவன் என் கண்ணு முன்னால நிக்கணும்."

"நிப்பான்," என்றார் அதிகாரி.

அவர்கள் போன பிறகு கிழவர் வெகுநேரம் வேலை செய்யவில்லை. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல நாக்கு வருமா? அப்படிச் சொன்ன நாக்கு அப்புறம் எதற்கு உதவும்? சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரி சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், முறுக்குத் தளர்ந்த கயிற்றில் எந்தப் புரி கெட்டது என்று தேடுவதைப் போல. ஆத்தங்கரையில எடுத்தோம், வளர்த்தோம்.

எடுத்தோம்.

சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போனார். மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்தா, இங்க பாரு. மூத்தவன் எங்க பொறந்தான்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

"ஆத்துலதான். நார் ஊறப்போடப் போன எடத்துல வலி எடுத்துடுச்சு. மருத்துவச்சி அக்கரையில மாட்டிக்கிட்டா."

"பிள்ளையை யாரு எடுத்தா?"

அவள் கை நின்றது. "நீங்கதான் எடுத்தீங்க. நார் கத்தியால கொடியை அறுத்து, நாராலயே கட்டினீங்க. அவன் அழறதுக்கு முன்னால நீங்க அழுதீங்க."

"ஆங்! ஆத்தங்கரையில நான் எடுத்த பிள்ளை. இதைச் சொன்னா பொய்யா?" கிழவரின் குரலில் பல மாதம் கழித்து ஒரு துள்ளல் இருந்தது. "அவனுங்க ஒரு அர்த்தத்துல கேட்டுக்கட்டும். நான் என் அர்த்தத்துல சொல்றேன். ஊர்ல எந்த மருத்துவச்சியைக் கேட்டாலும் 'அது நான் எடுத்த பிள்ளை, இது நான் எடுத்த பிள்ளை'ன்னுதானே சொல்றா? யாரு அவளைப் பொய்க்காரின்னா?"

அவள் யோசித்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சாமி வேண்டும். தும்மினால்கூடச் சாமியைக் கூப்பிடுகிறவள். "சாமிக்கு உங்க அர்த்தம் புரியுமா?"

"அவன் நம்ம பிள்ளைடி. அவனுக்குப் புரியாதா?"

அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "என்னையும் கேப்பாங்களா?" என்றாள்.

"உன்னை எதுக்குக் கேக்கறாங்க? அரசன் உக்காந்திருக்கற சபையில பொம்பளையைக் கூப்பிட்டு எவன் கேட்டிருக்கான்? நீ பேசாம என் பின்னால நில்லு."

உலகத்தில் யாரையும் நம்பாத மனிதர் இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார்.

பௌர்ணமி அன்று நகர வாசலில் எள் போட்டால் கீழே விழாது. கல்லுக்கு எதிரே மேடை, மேடையில் அரசன். கிழவர் அரசனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் துழாவினார். மேடைக்கு நேர் எதிரே இரண்டு வீரர்களுக்கு நடுவில் இளையவன் நின்றான். இளைத்துப்போயிருந்தான். தாடி வைத்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும் கையைப் பாதி தூக்கி, பக்கத்தில் இருந்தவன் முறைத்ததும் இறக்கிக்கொண்டான். அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். கிழவருக்கு அது ஒரு பக்கம் நிம்மதியாகவும், சொல்லாமல் தப்பிக்க இருந்த ஒரே சாக்கும் போனதே என்று இன்னொரு பக்கம் ஏமாற்றமாகவும் இருந்தது.

கல்லின் பீடத்துக்கு இருவரையும் ஏற்றி, கல்லின் மேல் வலது கையை வைத்துக் கிழவரைச் சொல்லச் சொன்னார்கள். கல் வெயிலில் சுட்டது.

"இந்தப் பிள்ளை," என்றார் கிழவர். காறிக்கொண்டு மறுபடி சொன்னார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "இந்தப் பிள்ளை ஆத்தங்கரையில நான் எடுத்த பிள்ளை. இந்தக் கையால எடுத்தேன். இது சத்தியம்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆற்றில் வந்த தெய்வம் என்று யாரோ கத்த, ஆயிரம் பேர் திருப்பிக் கத்தினார்கள். கிழவர் கையை எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் அரசனையும் பூசாரியையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மனைவியைக் கூட்டிக்கொண்டு படி இறங்கத் திரும்பினார்.

பெரிய பூசாரி அவர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கயித்துக்காரரே, எங்க அம்மா ஒரு மருத்துவச்சி."

படியில் வைத்த காலைக் கிழவர் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பூசாரி அவரைத் தாண்டிப் போய் அவர் மனைவியின் முன்னால் கைகூப்பினார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, நீங்க வாங்க. கல்லு மேல கை வைங்க. இந்தத் தெய்வத்தை நீங்க வயித்துல சுமந்து பெத்தீங்களா?"

எடுத்த என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. பெத்த என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கிழவர் தனக்கு மட்டும் ஒரு வழியைத் தேடி வைத்துக்கொண்டு, அவளுக்கு எதையும் வைக்காமல் கூட்டிவந்திருந்தார். நார் கத்தி அவர் கையில் இருந்தது, வலி அவளுடையது. இது ஏன் அவருக்கு முன்னாலேயே தோன்றவில்லை? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"அவளை விட்டுருங்க," என்றார். "நான்தான் சொல்லிட்டேனே!"

"நீங்க சொன்னது கேட்டுச்சு," என்றார் பூசாரி. "அம்மா சொல்லட்டும்."

அவள் கையைக் கல்லின் மேல் வைத்தாள். தினமும் வைக்கிற இடத்தில், கன்னத்தில் வைத்தாள். திரும்பி இளையவனைப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்த ஈட்டிகளைப் பார்த்தாள். கூட்டம் அடங்கியது.

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அரசனைப் பார்த்தும் சொல்லவில்லை. கல்லைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இல்ல சாமி. உங்களை நான் பெக்கல."

உங்களை என்றாள். இருபத்திரண்டு வருஷம் 'டா' போட்டுக் கூப்பிட்டவனை.

அன்றே இளையவனை விட்டுவிட்டார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். தெய்வத்தை எடுத்து வளர்த்த வீடு அல்லவா! ஒருத்தி ஓடி வந்து அவள் காலைத் தொட்டாள். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் சமைத்தாள். இளையவன் போதும் போதும் என்னும்வரை பரிமாறினாள். தாடியைப் பிடித்து இழுத்து, "என்னடா இது, தேன்கூடு மாதிரி," என்றாள். கிழவர் கொஞ்சம் மூச்சு விட்டார். பரவாயில்லை, ஆறிவிடும் என்று நினைத்தார்.

சாப்பிட்டு முடித்த கையோடு இளையவன் சொன்னான்: "அம்மா, அன்னிக்கு நான் இந்தக் கரையிலதான் இருந்தேன். அண்ணன் அந்தப் பக்கம்..."

"எந்த அண்ணன்?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "என்னம்மா இப்படிக் கேக்கற? எனக்காகச் சொன்னது அது. இங்க யாரு இருக்கா? நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

"நீ ஒத்தப் பிள்ளைடா," என்றாள். தட்டை எடுத்தாள். "சாமி மேல கை வெச்சுச் சொல்லியிருக்கேன். மாத்திப் பேசினா அது உன் தலையில வந்து விடியும்."

கிழவருக்குப் பொறுக்கவில்லை. "அது கல்லுடி! நாலு கொத்தனுங்க உக்காந்து செதுக்கினதை நீயும்தானே பார்த்த? அந்த மூக்கைப் பாரு, யாரு மூக்கு அது? வெறும் கல்லு!"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ஏங்க, அது கல்லா இருந்தா, நான் என் பிள்ளையை வேணாம்னு சொல்லிட்டேன், அவனும் செத்துப்போயிட்டான். அது சாமியா இருந்தா, நான் உண்மையைத்தான் சொன்னேன், அவரும் நல்லாயிருக்காரு. நீங்க சொல்லுங்க. எது இருக்கட்டும்?"

கிழவர் அவள் கீழே வைத்த தட்டை எடுத்து நீட்டினார்.

அவள் சமையல்கட்டுக்குள் போனாள். இளையவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "உங்ககிட்டயாவது சொல்றேன்ப்பா," என்றான். "சொல்லலேன்னா செத்துருவேன்."

"சொல்லுடா."

"அவன் உடனே சாகல. பாலம் விழுந்ததும் எதிரிங்க அம்பு விட்டாங்க. ஆப்பு அடிச்சிருந்த எடத்துலயே சாஞ்சு விழுந்தான். எங்க அம்புக்குப் பயந்து அவனுங்களும் பக்கத்துல வரல, நாங்களும் போக முடியல. காலையில விழுந்தவன் உச்சிப் பொழுது வரைக்கும்..."

உள்ளே திருகை சுற்ற ஆரம்பித்தது. தானியம் போடாத வெறும் திருகை. கல்லோடு கல் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. இளையவன் பேச்சை நிறுத்தினான். திருகை நிற்கவில்லை. வேகமாகத்தான் சுற்றியது.

அவன் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்த வேண்டியிருந்தது.

"அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்ப்பா. பள்ளத்துல எதிரொலிச்சுது. மொத்தப் படைக்கும் கேட்டுச்சு. தளபதிக்கும் கேட்டுச்சு."

கிழவர் எழுந்தார். உள்ளே போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, கேளுடி, உன்னைத்தான் கூப்பிட்டான், கடைசிவரைக்கும் உன்னைத்தான் கூப்பிட்டான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார். சமையல்கட்டு வாசற்படி வரைக்கும் போனார். அவள் முதுகு தெரிந்தது. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து, உடம்பையே போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லு," என்றார். "எனக்குச் சரியாக் கேக்கல."